பீரோவில் இருக்கும் பழைய பட்டு: இனம் காண்பது முதல் சுருட்டி வைப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் இரும்பு பீரோவின் அடித்தட்டைத் திறந்தால், ஒரே ஊரின் பட்டு மட்டும் இருப்பது அரிது. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடமாதலால் காஞ்சிபுரத்தோடும் ஆரணியோடும் மைசூர்ப் பட்டு, தர்மவரம், மொளகால்மூரு, சேலம் வெண்பட்டு வேட்டி எல்லாம் கலந்தே கிடக்கும். பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போய் வந்தவர்கள் இருந்த குடும்பமென்றால் கைலியோ சால்வையோ ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும். பாட்டியின் மறைவுக்குப் பிறகோ வீடு மாறும்போதோ இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நாள் வருகிறது.

அந்த நாளில் பெரும்பாலோர் செய்கிற முதல் காரியம் துவைப்பது. பாலக்கோட்டில் ஒரு வீட்டில் நான் போய்ச் சேரும் முன்பே சேலை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. சிவப்புக் கரையின் சாயம் மாம்பழ நிற உடலெங்கும் இறங்கிவிட்டது. அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசையே முக்கியம்: பார்ப்பது, சோதிப்பது, எழுதி வைப்பது, தூசி எடுப்பது, தேவையானால் மட்டும் நீர், இறுதியாகச் சுருட்டி வைப்பது. பல துணிகளுக்கு நீர் என்ற படியே வேண்டியிருக்காது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் இடம். சேலை முழுவதையும் தரையோடு விரிக்க ஆறு மீட்டர் நீளம் வேண்டும். கூடத்தில் பாய் போட்டு, அதன்மேல் வெளுத்த வெள்ளைப் பருத்தி விரிப்பைப் போட்டால் போதும். கட்டிலின் மேல் விரித்தால் கீழே தொங்கும் பாதியின் எடை பழைய மடிப்புகளை இழுத்துக் கிழிக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காலை நேரத்தில், நேர்வெயில் விழாத சன்னலோரம் நல்லது.

பொருள்களில் முதன்மையானது காடாத்துணி. வாங்கியவுடன் அதை இரண்டு முறை வெந்நீரில் அலசிக் கஞ்சியை முற்றிலும் போக்க வேண்டும். கஞ்சி இருந்தால் அதைத் தின்ன ராமபாணப் பூச்சி வரும், வந்தபின் பட்டையும் விட்டுவைக்காது. துணிக்கடைகளில் சீலைத் துணி சுற்றி வரும் தடித்த அட்டைக் குழாய்களைக் கேட்டால் தருவார்கள். அவற்றோடு அலுமினியத் தாள், பருத்தி நாடா, பென்சில், கோடு போடாத நோட்டு, நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற பத்து மடங்கு உருப்பெருக்கி, ஒரு முழம் நைலான் கொசுவலை, சிறு வெள்ளைப் பருத்தித் துண்டுகள், காய்ச்சி வடித்த நீர் ஆகியவை தேவை. இந்த நீர் பேட்டரிக் கடையில் கிடைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் அமிலத்தின் புட்டியை மாற்றி எடுத்துவிடாமல் சிட்டையைப் படித்து வாங்குங்கள்.

வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி, கையைச் சோப்பிட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே துணியைத் தொட வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்த கையின் தடம் வெளிர்நிறப் பட்டில் சில ஆண்டுகள் கழித்துத்தான் பழுப்பாகத் தெரியவரும் என்பதால் அன்றைக்கு அது தவறாகவே தோன்றாது.

2. பிரித்து விரித்தல்

பழைய சேலையை ஒருபோதும் உதறாதீர்கள். பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் இருந்த பட்டின் இழைகள் அந்த வரியில்தான் மிகவும் பலவீனமாக இருக்கும். ஒரு உதறலில் சேலை மடிப்புக்கு மடிப்பு விரிந்து போவதைக் கண்டிருக்கிறேன். ஒரு கையைத் துணியின் அடியில் கொடுத்து, ஒவ்வொரு மடிப்பாகத் திறக்க வேண்டும். திறக்க மறுக்கும் மடிப்பை வற்புறுத்தாமல் அப்படியே விட்டு அடுத்ததற்குப் போகலாம்.

திறக்கும்போதே மூக்குக்கும் வேலை கொடுங்கள். ஈரமண் வாசனை வந்தால் பூஞ்சை இருக்கிறது. அதைத் தனியே எடுத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். உயிருள்ள பூச்சியோ மணல் போன்ற எச்சமோ கண்ணில் பட்டால் மற்ற துணிகளோடு சேர்க்காமல் உடனே பாலித்தீன் பையில் கட்டிவிட்டு, பத்தாம் படியில் சொல்லியிருப்பதை அதற்கு முதலில் செய்யுங்கள்.

விரித்தபின் பார்க்கும் ஒழுங்கு இது: முன்பக்கம், பின்பக்கம், இரு ஓரங்கள், கடைசியாக ஒரு பகுதியை மட்டும் இரு கைகளிலும் தாங்கி வெளிச்சத்துக்கு எதிரே. பின்பக்கம்தான் நெசவைச் சொல்லும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஊசித்துளைகளாகத் தெரியும். இந்த நான்கையும் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

3. பட்டுதானா என்று உறுதி செய்தல்

மோதிரத்துக்குள் நுழைத்துப் பார்ப்பது, உள்ளங்கையில் தேய்த்துச் சூடு பார்ப்பது ஆகிய வழக்கங்களை நம்ப வேண்டாம். மெல்லிய செயற்கைத் துணி எதுவும் மோதிரத்துக்குள் நுழையும். நம்பத்தக்கது இழையை எரித்துப் பார்ப்பதே. முந்தானைக் குஞ்சத்திலிருந்தோ தையலின் உள்மடிப்பிலிருந்தோ பாவு இழை (நீளவாக்கில் ஓடுவது) ஒன்றையும் ஊடை இழை (குறுக்கே ஓடுவது) ஒன்றையும் ஓர் அங்குல நீளத்துக்கு எடுத்து, துணியிலிருந்து விலகி வேறு அறையில், தட்டின் மேல், இடுக்கியில் பிடித்து எரிக்க வேண்டும்.

பட்டு முடி பொசுங்கும் நாற்றத்தோடு மெதுவாக எரிந்து, சுடரை எடுத்ததும் அணைந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரிய மணியை விடும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, நசுங்காத கடின மணியாகும். பருத்தியும் செயற்கைப் பட்டு என்று விற்ற விஸ்கோஸும் காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும்.

பாவு, ஊடை இரண்டையும் தனித்தனியே சோதிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உஸ்பெகிஸ்தானத்து அத்ரஸில் பாவு பட்டு, ஊடை பருத்தி. குஜராத்து மஷ்ருவில் மேல்முகம் பட்டு, உடலைத் தொடும் உள்முகம் பருத்தி. ஒரே இழையைச் சோதித்தவர் இவற்றைத் தூய பட்டு என்றோ வெறும் பருத்தி என்றோ தவறாக எழுதிவிடுவார். நனைந்தால் இரு இழைகளும் ஒன்றுபோலச் சுருங்குவதில்லை என்பதால் அந்தத் தவறு பின்னால் கழுவும்போது துணியையே கெடுக்கும்.

எரித்த இழை தன் வடிவம் மாறாமல் சாம்பல் எலும்புக்கூடுபோல நின்றால், அது ஆறாம் படியில் வரும் எடையேற்றிய பட்டு. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய சேலையில் பட்டு முத்திரை அட்டை இருந்தால் அதைக் கிழித்தெறிய வேண்டாம். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் முத்திரை அது. துணியின் காலத்தைப் பின்னாளில் சொல்லவும் உதவும்.

4. எந்த நெசவு என்று படித்தல்

இந்தப் படியில் அவசரப்படுபவர்களே அதிகம். கரை பெரிதாக இருந்தால் காஞ்சிபுரம், பூ இருந்தால் பனாரஸ் என்று பெயரிட்டுவிடுகிறார்கள். நிறமும் பூவும் ஊர்விட்டு ஊர் போகும். நெசவின் உள்கட்டு அவ்வளவு எளிதில் போவதில்லை. ஆகவே கரையும் உடலும் சேரும் இடம், பின்பக்கம், அகலம் ஆகிய மூன்றையும் பாருங்கள்.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் வேறு வேறு நாடாக்களில் (ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் தறிக் கருவி) ஓடி, சேரும் வரியில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். அந்த வரியை உருப்பெருக்கியில் பார்த்தால் இரு நிறங்களும் சங்கிலிபோலப் பின்னியிருக்கும், பின்பக்கத்தில் சிறு தடிப்பாகவும் கையில் படும். கோர்வை இல்லாத சேலையில் ஊடை ஒரே நிறத்தில் கரைக்குள்ளும் ஓடுவதால், கரையின் நிறம் உடலின் நிறத்தோடு கலந்த சாயலாக இருக்கும். கோர்வையா இல்லையா என்பது பாதுகாப்புக்கும் முக்கியம்: பிற்காலத்தில் கிழிவது பெரும்பாலும் அந்தச் சேர்க்கை வரியில்தான், ஏனெனில் சரிகை ஏறிய கனமான கரையை அந்த ஒரு வரியே தாங்குகிறது.

மைசூர்ப் பட்டு கையில் வேறாகப் படும். அதிக முறுக்கேற்றிய இழையால் நெய்த கிரேப் ஆதலால் மொழுமொழுவென்றில்லாமல் மணல்தன்மையோடு வழியும். 1912இல் தொடங்கிய மைசூர் ஆலையின் சேலைகளே இங்கே அதிகம். பெரும்பாலும் ஒற்றை நிறம், மெல்லிய சரிகைக் கரை. முறுக்கிழை நனைந்தால் சுருண்டு சேலையே குறுகிவிடும் என்பதால், இதை இனம் கண்டவுடன் பதிவேட்டில் 'நீர் கூடாது' என்று எழுதிவிடுங்கள்.

பனாரஸ் சேலையின் பின்பக்கத்தில் இரு வகை உண்டு. ஒவ்வொரு பூவையும் தனி நாடாவால் நெய்திருந்தால் பின்பக்கம் சுத்தமாக இருக்கும். ஊடையைக் குறுக்கே ஓடவிட்டுப் பின்னால் வெட்டியிருந்தால் பூவைச் சுற்றிலும் இழை நுனிகள் நிற்கும். இரண்டாம் வகையைப் பின்பக்கம் தேய்த்தால் இழை உருவி வந்து பூவே கழன்றுபோகும்.

இரு பக்கமும் ஒரே தெளிவோடு, ஓரங்களில் நிறம் இலேசாகக் கசிந்த கோலம் தெரிந்தால் அது இழையைக் கட்டிச் சாயமிட்ட வகை. பாவும் ஊடையும் இரண்டும் அவ்வாறு கட்டப்பட்டிருந்தால் குஜராத்தின் பாடன் நகரத்துப் பட்டோலாவாக இருக்கலாம். ஊடை மட்டும் என்றால் தாய்லாந்தின் மட்மீயை நினைத்துப் பாருங்கள். தாய்ப் பட்டில் மயில் முத்திரைச் சீட்டு இருந்தால் பொன், வெள்ளி, நீலம், பச்சை என்னும் நான்கு நிறங்களுள் எது என்பதையும் குறியுங்கள், பச்சை மயில் என்றால் வேறு இழை கலந்தது.

பர்மா திரும்பிய குடும்பங்களில் அலையலையாகப் பின்னிய கோலத்தோடு கைலி கிடைத்தால் அது அமரபுரத்தின் லுன்தயாவாக இருக்க வாய்ப்புண்டு; 'நூறு நாடா' என்பதே அப்பெயரின் பொருள், உண்மையிலேயே பல சிறு நாடாக்களால் கோத்து நெய்வது. மலேயாவிலிருந்து வந்த சொங்கெட் என்னும் சரிகைத் துணியில் சரிகை துணியின் மேல் மிதக்கும். ஒரு மோதிரம் மாட்டினால் போதும், ஒரு கோடே உருவிவிடும். சீனத்துக் கெஸி என்னும் பட்டு நெசவில் நிறம் மாறும் இடங்களில் சிறு பிளவுகள் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே அவற்றைப் பார்த்துக் கிழிசல் என்று எண்ணி ஊசி எடுத்தவர்கள் உண்டு. அவை நெசவின் இயல்பு, தைக்கக் கூடாது.

அகலமும் பேசும். சுமார் 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் அளவு நீளமும் கொண்ட குறுகிய பட்டுச் சுருள் இருந்தால் அது ஜப்பானியக் கிமோனோவுக்கான துணி. அங்கே கிமோனோவைத் தையல் பிரித்து, மீண்டும் நீள் துணியாக்கிக் கழுவி, இழுத்து உலர்த்தி, மறுபடி தைக்கும் வழக்கம் உண்டு. தைத்த ஆடையை அப்படியே நனைத்தால் உள்துணியும் மேல்துணியும் வெவ்வேறாகச் சுருங்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நம் ரவிக்கைக்கும் பாவாடைக்கும் இதே காரணம் பொருந்தும்.

பெயர் உறுதியாகாவிட்டால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: 'கோர்வைக் கரை, பின்பக்கம் வெட்டிய இழை இல்லை, அகலம் இவ்வளவு.' தவறான பெயரைவிடச் சரியான விவரிப்பு மேலானது.

5. சரிகையைச் சோதித்தல்

சரிகை மூன்று வகையில் வரும். பட்டிழை மேல் வெள்ளித் தகடு சுற்றிப் பொன்முலாம் பூசியது ஒன்று. செம்பை அடிப்படையாகக் கொண்டது இரண்டாவது. உலோகப் பூச்சேற்றிய பிளாஸ்டிக் படலம் மூன்றாவது. கரையின் ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஒரு நுனியை நகத்தால் சுரண்டி உருப்பெருக்கியில் பாருங்கள். உள்ளே சாயமிட்ட பட்டிழையும் வெண்மையான உலோகமும் தெரிந்தால் முதல் வகை. செந்நிறம் தெரிந்தால் செம்பு. பிளாஸ்டிக் வகை சுடரருகே சுருங்கும்.

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். ரப்பர் வளையம், கம்பளி, ரப்பர் சேர்ந்த விரிப்பு ஆகியவை பக்கத்தில் இருந்தாலே போதும். கறுத்த சரிகையை விபூதி, பல்பொடி, எலுமிச்சை எதனாலும் தேய்க்காதீர்கள்; முலாம் மிக மெல்லியது, கறுப்போடு அதுவும் போய்விடும். கறுப்பு சரிகையைத் தின்பதில்லை, தேய்ப்புத்தான் தின்கிறது.

தெருவில் பழைய பட்டுச் சேலை வாங்க வருபவர்கள் சேலையை எரித்து வெள்ளியை எடுப்பதற்காகவே வாங்குகிறார்கள். விற்பது உங்கள் விருப்பம். ஆனால் நான்காம் படியையும் ஏழாம் படியையும் முடிக்காமல் கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எரிந்த பிறகு அந்த நெசவைப் பற்றிக் கேட்க ஒன்றும் மிஞ்சாது.

6. நிலையைக் கணித்து முடிவெடுத்தல்

பட்டுக்கூடு வளர்க்கும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த செய்திதான்: பட்டிழையைச் சுற்றிப் பசை இருக்கிறது, அதை நீக்கினால் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். எடைக்கு விற்ற பொருளாதலால் அந்த இழப்பை ஈடுகட்ட, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930கள் வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெள்ளீய உப்புகளைப் பட்டில் ஏற்றினார்கள். அன்றைக்குக் கனமாகவும் சலசலவென்றும் இருந்த அத்துணி இன்று தொட்டாலே நேர்கோடுகளாகப் பிளக்கிறது. பழைய கோட்டின் உள்துணி, சீமைப் பட்டு ரவிக்கை ஆகியவற்றில் இதை எதிர்பாருங்கள். இதற்கு மருந்து இல்லை: நீர் கூடாது, மடிப்புக் கூடாது, தட்டையாக வைப்பது ஒன்றே வழி.

இரும்புச் சத்துச் சேர்த்துக் கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ சாயமிட்ட இழைகளும் மற்ற நிறங்களுக்கு முன்பே பொடியாகும். ஒரே துணியில் கறுப்புக் கட்டம் மட்டும் உதிர்ந்திருந்தால் காரணம் பூச்சியன்று, சாயமே.

இப்போது ஒவ்வொரு துணியையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள். விரலிடுக்கில் மெதுவாக வளைத்தால் வளைந்து கொடுப்பது உறுதியானது. மடிப்பில் மட்டும் விரிசல் கண்டது பலவீனமானது. தொடும்போதே உதிர்வது நொய்ந்தது. நீர் என்பது முதல் வகைக்கு மட்டுமே, அதுவும் ஒன்பதாம் படியின் சோதனைக்குப் பிறகு. நனையும்போது பட்டின் வலு குறைகிறது, நீரேறிய சேலையின் எடையோ பன்மடங்காகிறது. பலவீனமான இழை இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்காது.

7. பதிவேடு

ஒவ்வொரு துணிக்கும் ஓர் எண். காடாத்துணியில் வெட்டிய சிறு நாடாவில் பென்சிலால் எண்ணை எழுதி, மூலையில் இழைகளுக்கு இடையே ஊசி நுழையும்படி இரண்டு தளர்ந்த தையல் போடுங்கள். பந்துமுனைப் பேனா பின்னாளில் ஊறும். ஸ்டேப்ளர் ஊசியும் சாதாரணக் குண்டூசியும் துருப்பிடித்து ஓட்டை போடும்.

நோட்டில் எண், அளவு, பாவு, ஊடை, சரிகை வகை, நெசவு, நிலை, கறைகள் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி, முன்பக்கமும் பின்பக்கமும் அளவுகோலோடு படமெடுங்கள். இதன் பிறகு எழுத வேண்டியதைத்தான் பலர் தள்ளிப் போடுகிறார்கள்: யாருடையது, எந்தக் கல்யாணத்துக்கு, எந்த ஊர்க் கடையில், யார் எடுத்துக் கொடுத்தது. வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அவர்களுக்கு ஆண்டு நினைவிருக்காது. 'உங்க பெரியத்தை கல்யாணத்துக்கு முந்தின ஆடியில எடுத்தது' என்பார்கள். அதையே எழுதிவிட்டுப் பழைய திருமணப் படங்களோடும் அழைப்பிதழ்களோடும் ஒப்பிட்டால் ஆண்டு தானே கிடைக்கும். துணியை இன்னும் இருபது ஆண்டு கழித்தும் அளக்கலாம், அவர்களிடம் கேட்க முடியாது.

8. தூசி எடுத்தல்

வாக்யூம் கிளீனரைக் குறைந்த இழுப்பில் வைத்து, குழாயின் வாயில் கொசுவலையைக் கட்டி, துணியிலிருந்து ஒரு விரற்கடை உயர்த்தி நகர்த்துங்கள். வலை இல்லாவிட்டால் தளர்ந்த இழையும் ஜரிகை நுனியும் உள்ளே போய்விடும். கருவி இல்லாதவர்கள் மென்மையான வண்ணத் தூரிகையால் நெசவின் போக்கில் தள்ளலாம். சொங்கெட், மணி தைத்தவை ஆகியவற்றுக்கு இதையும் பின்பக்கம் மட்டும் செய்யுங்கள்; பின்பக்கம் இழை வெட்டிய பனாரஸுக்கு முன்பக்கம் மட்டும்.

தூசியை முதலில் எடுப்பது ஏனென்றால், நம் செம்மண் தூசி நனைந்தவுடன் இழைக்குள் இறங்கி நிரந்தரக் கறையாகும். உலர்ந்த நிலையில் அது வெறும் பொடி.

9. நீர் தேவைதானா, தேவையென்றால் எப்படி

பழைய பட்டைக் கெடுப்பவற்றுள் அழுக்கு கடைசி இடத்தில்தான் இருக்கிறது. ஒளியும் மடிப்பும் ஈரமும் அதற்கு முன் நிற்கின்றன. வியர்வை மட்டும் விதிவிலக்கு. அது இழையை அரிக்கும், பூச்சியை அழைக்கும். ஆகவே உடுத்திய சேலையில் வியர்வை இருந்து, துணி உறுதியாகவும் இருந்தால் மட்டும் மேலே செல்லுங்கள்.

முதலில் சாயச் சோதனை. ஒவ்வொரு நிறத்திலும், கண்ணில் படாத இடத்தில், காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு இட்டு, வெள்ளைப் பருத்தித் துண்டை வைத்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். பிறகு நீங்கள் பயன்படுத்தப் போகும் சோப்புக் கரைசலிலும் அதையே செய்யுங்கள். தண்ணீரில் நிற்கும் சாயம் சோப்பில் இறங்கலாம் என்பதால் இரண்டும் வேண்டும். ஒரு நிறம் இறங்கினாலும் கழுவக் கூடாது. கோர்வைச் சேலைகளில் கரையின் சிவப்பே பெரும்பாலும் முதலில் இறங்கும்.

அடுத்தது நீரின் தன்மை. நம் மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினமும் நிறைந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே நிலத்தடி நீரின் ஃபுளோரைடு காரணமாகத்தான். கடின நீரில் சோப்பு திரிந்து வெண்படலமாகப் பட்டின் மேல் உட்கார்ந்து பளபளப்பை மூடிவிடும். மழைநீரோ வடிகட்டிய குடிநீரோ பயன்படுத்தி, கடைசி அலசலையாவது காய்ச்சி வடித்த நீரில் செய்யுங்கள்.

சோப்புத்தூள் காரமானது, பட்டுக்குக் காரம் ஆகாது. கறை தின்னும் நொதி சேர்த்த தூளோ புரதமான பட்டையே தின்னும். பட்டுப்புழு வளர்க்கும் மனையைக் கழுவும் ப்ளீச்சிங் பவுடர் பட்டைக் கரைத்தே விடும். பூந்திக்கொட்டை ஊறிய நீரை வடிகட்டி இளநுரையாகப் பயன்படுத்தலாம், ஆனால் அது வெளிர்நிறப் பட்டில் பழுப்புச் சாயல் ஏற்றும். வெண்பட்டு வேட்டிக்குக் காரமும் நொதியும் இல்லாத திரவ சோப்பே ஏற்றது. வெண்பட்டு காலத்தால் மஞ்சளாவது அதன் இயல்பு, அதை வெளுக்க முயல வேண்டாம்.

மஞ்சள் கறையின் மேல் சோப்பு பட்டால் அது சிவக்கும். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பது போலத்தான் இது. கலங்கி மேலும் தேய்த்துவிடாதீர்கள். நல்ல நீரில் அலசினால் நிறம் மீளும். முகூர்த்தச் சேலையின் மஞ்சளையும் குங்குமத்தையும் நான் எடுப்பதே இல்லை. அவை அந்தச் சேலையின் பதிவு.

கழுவும் முன் ஃபால்ஸ் துணியைப் பிரித்து எடுங்கள். அது சுருங்கினால் அடிக்கரை முழுவதும் கொசுவிப் போகும். அகன்ற தொட்டியில் பழைய வலைத்துணியை விரித்து அதன்மேல் சேலையைத் தளர்ந்த மடிப்பாக வைத்து, அறை வெப்ப நீரில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காமல் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுங்கள். முறுக்குவதும் கசக்குவதும் கூடாது. தூக்கும்போது வலையைத்தான் தூக்க வேண்டும், சேலையை அல்ல. நுரை முற்றிலும் போகும்வரை நீரை மாற்றுங்கள்.

பிறகு பருத்தித் துண்டுகளுக்கு இடையே வைத்து நீரை ஒற்றி எடுத்து, நிழலில், கிடையாக விரித்து, ஓரங்களைக் கையால் நேராக்கி உலர்த்துங்கள். கொடியில் போட்டால் சரிகைக் கரையின் எடையில் உடல் கோணும். பழைய பட்டுக்கு இஸ்திரி வேண்டாம். சூடு மிச்சக் கறையை இழையோடு பதித்துவிடும்.

10. பூச்சிக்கு முதலுதவி

பூச்சி இருந்த துணியைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, வீட்டுக் குளிர்பெட்டியின் உறைதட்டில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள்; குளிர்ந்த துணியைத் திறந்தால் காற்றின் ஈரம் அதன்மேல் படியும். இதற்குப் பிறகே எட்டாம் படியின் தூசி எடுத்தல்.

அந்துருண்டையைத் துணிக்குள் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது பட்ட இடத்தில் சரிகை மங்குகிறது, வாசனையும் போவதில்லை. வசம்பையோ உலர்ந்த வேப்பிலையையோ சிறு துணிப்பையில் கட்டிப் பீரோவின் மூலையில் வைக்கலாம், துணியைத் தொடக் கூடாது. அதுவும் பூச்சியைத் தயங்க வைக்குமே தவிர முட்டையைக் கொல்லாது.

11. சுருட்டி வைத்தல்

அட்டைக் குழாயில் அமிலத்தன்மை உண்டு, செய்தித்தாளில் இன்னும் அதிகம். எனவே குழாயின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, அதன்மேல் காடாத்துணியைச் சுற்றுங்கள். பி.வி.சி. குழாய் வேண்டாம், அதிலிருந்து காலப்போக்கில் வெளிவரும் ஆவி சரிகைக்குப் பகை. சேலையின் அகலத்தைவிடக் குழாய் ஒரு சாண் நீளமாக இருக்கட்டும்.

முந்தானையின் எதிர்முனையிலிருந்து தொடங்கி, நல்ல முகம் வெளியே இருக்கும்படி, பாவின் போக்கு நேராக இருக்க, இடையே ஒரு அடுக்குக் காடாத்துணி வைத்துச் சுருட்டுங்கள். முகம் உள்ளே இருந்தால் சரிகை நெருக்கப்பட்டுச் சுருக்கம் விழும். இறுக்கமும் கூடாது, நழுவும் தளர்ச்சியும் கூடாது. வெளியே இன்னொரு காடாத்துணி சுற்றி, அகன்ற பருத்தி நாடாவால் கட்டி, எண் நாடா வெளியே தெரியும்படி விடுங்கள்.

குழாய்க்கு இடமில்லாதவர்கள் மடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு மடிப்பின் உள்ளேயும் காடாத்துணியைத் திரித்து உருளையாக வைத்து, மடிப்பு கூராக விழாமல் செய்ய வேண்டும்; மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேறு இடத்தில் மடிக்கவும் வேண்டும். நொய்ந்த துணியும் எடையேற்றிய பட்டும் பெட்டியில் தட்டையாகவே. ஹேங்கரில் எதையும் தொங்கவிடாதீர்கள். கடையில் தந்த பிளாஸ்டிக் உறையையும் எடுத்துவிடுங்கள், உள்ளே ஈரம் தங்கும்.

12. ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்ளுதல்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிரும் ஈரமும் அதிகம், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் கோடை வறட்சி அதிகம். ஒரே அட்டவணை எல்லோருக்கும் பொருந்தாது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். சிறிய ஈரமானி ஒன்றைப் பீரோவுக்குள் வைத்து, வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் வாரம் ஒருமுறை பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவை ஒரு சாண் முன்னே இழுத்து வைத்தாலே நிலை மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும், வெயில் ஏறும் முன், ஒவ்வொரு சுருளையும் நிழலில் ஒரு மணி நேரம் திறந்து வைத்து, மடிப்பு, சரிகை, பூச்சி ஆகியவற்றைப் பார்த்து நோட்டில் தேதியோடு ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி சுருட்டுங்கள். வெயிலில் காய வைக்கும் பழைய வழக்கம் பருத்திக்குத் தகும்; பட்டுக்கு வெயில் நிறத்தையும் வலுவையும் ஒருசேரக் குறைக்கும். வாசலில் வெயில் ஏறி வந்தால் பாயை நகர்த்திக்கொள்ள யாராவது ஒருவர் அருகிலேயே இருக்கட்டும்.